கோழி வளர்ப்புப் புத்தகமும் என் கல்யாணமும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. அந்த வேலையில் நான் ஒரே ஒரு நாள் சேர்ந்து, மூன்று மணி நேரத்தில் டிஸ்மிஸ் ஆனவன். அதுவும் ஒரு புத்தகக் கடையில். அதுவும் எனக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மனிதரின் கடையில்.

வேலூரில் லாங்கு பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கும் பூட்டு ரிப்பேர் கடைக்கும் நடுவில் அந்தக் கடை இருக்கிறது. இன்னும் இருக்கிறது, அதுதான் எரிச்சல். ஏசி போட்டு, கண்ணாடிக் கதவு போட்டு, வாசலில் பலூன் கட்டித் திறந்த கடையெல்லாம் ரெண்டு வருஷத்தில் ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விட்டன. இது மட்டும் அசையவில்லை. போர்டில் எழுத்து வெயிலில் வெளுத்து, கடையின் பெயரைக் கடைக்காரரே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஊருக்கு அது ‘அங்கிள் கடை’. புதுப் புத்தகம் முன்னால் நாலு வரிசை, மற்றதெல்லாம் பழசு.

இந்தக் கடையைப் பற்றி உருகுகிறவர்களை நீங்கள் பார்க்க வேண்டும். ‘எனக்கு இது இன்னொரு வீடு’ என்பார்கள். இன்னொரு வீட்டில் ஒரே ஒரு ஃபேன், அதுவும் அங்கிள் தலைக்கு மேல் மட்டும் சுற்றும். ‘அந்தப் பழைய பேப்பர் வாசனை இருக்கே...’ என்று கண்ணை மூடுவார்கள். அது வாசனை இல்லை ஐயா, ஈரம். எங்கள் ஃபேக்டரி குடோனில் அந்த வாசனை வந்தால் ஸ்டோர் கீப்பருக்கு மெமோ. அப்புறம் போட்டோ எடுப்பார்கள். ‘இப்படி ஒரு கடை இருப்பது நம் பாக்கியம்’ என்று இன்ஸ்டாகிராமில் போடுவார்கள். போட்டுவிட்டு அதே போனில் அதே புத்தகத்தை ஆன்லைனில் ஆர்டர் செய்வார்கள். (கண்ணால் பார்த்தேன். கடைக்குள் நின்றுகொண்டே ஒருத்தர் செய்தார். பின்கோடு ஞாபகம் வரவில்லை, அங்கிள்தான் சொல்லிக்கொடுத்தார்.)

சரி, அவர்களைத் திட்டினது போதும். திட்டுவதற்கு அவர்களைவிடத் தகுதியான ஆள் ஒருத்தன் இருக்கிறான். பதினோரு வருஷத்துக்கு முந்தைய நான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயசு. ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் குவாலிட்டி டிபார்ட்மெண்ட். குவாலிட்டிக்காரன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மற்றவர்கள் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். தோலில் கீறல் இருக்கா, உண்ணி கடித்த புள்ளி இருக்கா, தையல் கோணலா, பசை வழிந்திருக்கா. சட்டைப் பையில் எப்போதும் மூன்று சாமான் இருக்கும். ஒரு சின்ன டார்ச், தோலில் குறி போடுகிற சில்வர் பேனா, அப்புறம் க்ரேப். க்ரேப் என்பது கட்டி ரப்பர். ஷூ மேல் ஒட்டியிருக்கிற பசையையும் அழுக்கையும் அதை வைத்துத் தேய்த்தால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஜப்பான்காரன் முறை என்று ரெண்டு நாள் ட்ரெயினிங் வேறு கொடுத்திருந்தார்கள். வேண்டியது, வேண்டாதது என்று பிரி, அடுக்கு, துடை. அந்த ரெண்டு நாளுக்கு அப்புறம் எனக்கு உலகமே குப்பையாகத் தெரிந்தது. வீட்டில் அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்கு லேபிள் ஒட்டினவன் நான். (அம்மா அந்த லேபிளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, என்னை ஒரு வாரம் ஹோட்டலில் சாப்பிடச் சொன்னார்.)

இப்பேர்ப்பட்டவனுக்கு மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள், மூன்று இடத்திலும் ‘அப்புறம் சொல்றோம்’ என்றார்கள். அப்புறம் என்பது இன்னும் வரவில்லை. நாலாவதாக எங்கள் சபை ஆயர் சொல்லி வந்த இடம் ஜெமிமா. வேலூரில் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அம்மா இல்லை. அப்பா ஞானராஜ், அதாவது அங்கிள் கடை அங்கிள்.

போய்ப் பார்த்தோம். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ரொம்பப் பிடித்துவிட்டது. நான் உலகத்தர ஷூவைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள் என்பது எனக்குப் புரியவில்லை, ஆர்வமாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து, ‘ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு பதில் சொல்றாங்களாம்’ என்று ஆயர் போன் செய்தார். அன்றைக்குச் செவ்வாய். வெள்ளிக்கிழமை வரைதான் என்னால் தாங்க முடிந்தது.

எங்கள் பக்கத்து முஸ்லிம் முதலாளிகளின் ஃபேக்டரிகளைப் போல எங்களுக்கும் வெள்ளிக்கிழமைதான் வார லீவு. ஒரு பார்சல் பிரியாணி, ஒரு ஜோடி எக்ஸ்போர்ட் ஷூ, ரெண்டையும் எடுத்துக்கொண்டு காலை பத்தரைக்கே அங்கிள் கடையில் போய் நின்றேன். ஷூ அவருக்கு ரெண்டு சைஸ் பெரிசு. ‘பரவால்ல தம்பி, கால் வளரட்டும்’ என்று வாங்கி மேஜைக்கு அடியில் வைத்தார். நான் ஜெமிமா பேச்சை எடுப்பதற்குள் அவருக்குப் போன் வந்தது. குடியாத்தத்தில் இருக்கிற அவர் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம்.

“தம்பி, ஒரு ரெண்டு மூணு மணி நேரம் கடையைப் பார்த்துக்க முடியுமா? ஷட்டரை இழுத்துட்டுப் போயிடுவேன், ஆனா வெள்ளிக்கிழமை வர்றவங்க தூரத்துலேர்ந்து வர்றாங்க.”

“தாராளமா அங்கிள்! பேசிக்கலி நான் மேனேஜ் பண்ணிடுவேன்.”

“மேனேஜ் எல்லாம் வேணாம். ஒண்ணும் செய்யாதீங்க. சும்மா உக்காந்திருங்க. யாராவது எடுத்துப் படிச்சா படிக்கட்டும். வாங்கினா காசை டப்பாவுல போடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்.”

இதை மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் என்ன புரிந்துகொண்டேன் தெரியுமா? மனுஷர் நம்மை டெஸ்ட் பண்ணுகிறார். ‘ஒண்ணும் செய்யாதே’ என்று சொல்லிவிட்டுப் போய், திரும்பி வரும்போது நாம் என்ன செய்திருக்கிறோம் என்று பார்ப்பார். (எங்கள் ஃபேக்டரியில் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆடிட் அப்படித்தான் வரும். ‘நாங்க சும்மா டீ சாப்பிட வந்தோம்’ என்பான், நேராகக் கழிப்பறைக்குப் போய் சோப்பு இருக்கா என்று பார்ப்பான்.)

பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். சத்தியமாகப் பத்து நிமிஷம். அப்புறம் கை அரித்தது. பக்கத்து ஷெல்ஃபிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். பக்க ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். இன்னொன்று எடுத்தேன். அதிலும். சமையல் புத்தகத்தில், வரலாற்றுப் புத்தகத்தில், அக்கவுண்டன்சியில்கூட. ஒவ்வொரு ஷெல்ஃபிலும் ஒரு பென்சிலை நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு மனிதனுக்குக் கொஞ்சமாவது மூளை இருந்தால், ‘பென்சில் ஏன் தொங்குது’ என்று யோசித்திருப்பான். நான் யோசித்தது: ஐயோ பாவம் அங்கிள், கடை முழுக்க டேமேஜ் சரக்கு. வர்றவன் போறவனெல்லாம் கிறுக்கிவிட்டுப் போகிறான், இவர் வெள்ளந்தியாக உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கடையை யாராவது காப்பாற்ற வேண்டும். ஆண்டவர் என்னைச் சரியான நேரத்தில் அனுப்பியிருக்கிறார்.

சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

முதலில் தரம் பிரித்தேன். கிறுக்கல் இல்லாதது ஏ. அங்கங்கே இருக்கிறது பி. பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது ரிஜக்ட். முதல் பக்கத்தில் சில்வர் பேனாவால் பெரிசாக எழுதினேன். சில்வர் பேனா தோலில் துடைத்தால் போய்விடும். பேப்பரில் போகாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அந்தக் கடையில் பழைய புத்தகம் வாங்கினால் முதல் பக்கத்தில் ‘பி’ என்று பளபளவென்று இருக்கும், போய்ப் பாருங்கள்.

அப்புறம் ரீவொர்க், அதாவது குறையைச் சரிசெய்கிற வேலை. பி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு க்ரேப்பால் தேய்க்க ஆரம்பித்தேன். என்ன அருமையாகப் போனது! பசைக்கே அசராத சரக்கு, பென்சில் எம்மாத்திரம்? ஷூவில் நாங்கள் குதிகாலில் ஆரம்பித்து முன்பக்கம் போவோம், அழுக்கு முன்னால் இழுபடாது. அதே பழக்கத்தில் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்து முன்னால் வந்தேன். எழுத்தைப் படிக்கவே இல்லை. குவாலிட்டிக்காரன் ஷூவை ஷூவாகப் பார்க்க மாட்டான், குறையாகத்தான் பார்ப்பான். ஒன்றரை மணி நேரத்தில் முப்பது முப்பத்தைந்து புத்தகம் சுத்தம். மேஜை மேல் கறுப்புத் துகள் எறும்புப் புற்று மாதிரி குவிந்தது. விசில் அடித்துக்கொண்டே தேய்த்தேன்.

அடுத்தது கோழி வளர்ப்பு பற்றிய ஒரு தடிப் புத்தகம். வாங்க ஆளே இல்லாததாலோ என்னவோ ஓரம் முழுக்கக் கிறுக்கல். ரிஜக்ட்தான் போட்டிருக்க வேண்டும், ஆனால் கை சூடாக இருந்தது, ‘இதையும் பார்த்துடலாம்’ என்று எடுத்தேன். கடைசிப் பக்கம் ‘குறிப்புகள்’ என்று தலைப்புப் போட்ட கோடு போட்ட பக்கம். அதிலிருந்து ஆரம்பித்து, தீவன அட்டவணை எல்லாம் துடைத்து, வெள்ளைக் கழிச்சல் நோய் அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே கை நின்றது. ‘ஆம்பூர்’ என்ற வார்த்தை கண்ணில் பட்டது.

குண்டு குண்டாக, கேஸ் ஷீட் எழுதுகிற சுத்தமான கையெழுத்து:

‘ஒரு இடம் வந்திருக்கு. பையன் ஆம்பூர் ஷூ கம்பெனியில் குவாலிட்டி. அரை மணி நேரத்தில் பதினாலு தடவை பேசிக்கலி. தட்டில் இருந்த பிஸ்கட்டை ஒவ்வொண்ணாத் திருப்பிப் பார்த்து, ஓரம் உடைஞ்சதைத் தள்ளி வச்சுட்டு முழுசைச் சாப்பிட்டார். என்னையும் அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன சொல்லட்டும்?’

எனக்குக் காது சூடானது. அதற்குக் கீழே, வேற வேற கையெழுத்தில் பதில்கள்.

அழுத்தமான கறுப்புப் பென்சில்: ‘பிஸ்கட்டைத் திருப்பிப் பார்க்கிறவன் நாளைக்கு நீ வைக்கிற தோசையையும் திருப்பிப் பார்ப்பான். உஷார்.’

பொடி எழுத்து: ‘ஜெயில் வார்டனா சொல்றேன். ஜாஸ்தி பேசறவனால ஆபத்து இல்லை. பேசாதவனைத்தான் கவனிக்கணும். இந்தப் பையனை நம்பலாம்.’

இங்கிலீஷில் யாரோ, வடக்கேயிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர் போல: ‘தங்கை, முதலில் ஷூவுக்கு டிஸ்கவுண்ட் உண்டா என்று கேட்டுக்கொள்.’

அப்புறம் பில் எழுதுகிற சாய்ந்த கையெழுத்து. அது யாருடையது என்று கேட்கவே வேண்டாம், பில் புக் பக்கத்திலேயே இருந்தது. ‘பையன் நல்லவன்தான். ஆனா கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டான் போலத் தெரியுது. அதான் யோசனையா இருக்கு.’

எல்லாவற்றுக்கும் அடியில் மறுபடி அந்தக் குண்டு எழுத்து: ‘எல்லாருக்கும் தேங்க்ஸ். முடிவு கடைசிப் பக்கத்தில்.’

கடைசிப் பக்கம்! அரை மணிக்கு முன்னால் என் கையாலேயே பளிச்சென்று துடைத்த கடைசிப் பக்கம்! பாய்ந்து புரட்டினேன். ‘குறிப்புகள்’ என்ற தலைப்பு, கோடுகள், வேறு ஒன்றும் இல்லை. அப்பழுக்கில்லாத ஃபர்ஸ்ட் குவாலிட்டி. அட மடையா! உன் கல்யாணத்தை நீயே துடைத்துப் போட்டாயே!

அதற்கப்புறம் நான் செய்ததையெல்லாம் நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, தோலில் ரேகை பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். வாசலுக்கு ஓடி வெயிலில் தூக்கிப் பிடித்தேன். பூட்டு ரிப்பேர்காரர் ‘இன்னா சார், கள்ள நோட்டா?’ என்றார். பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேய்த்தால் அமுங்கின எழுத்து வெள்ளையாகத் தெரியும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். தேய்த்தேன். பக்கம் கரியானது, எழுத்து வரவில்லை. அந்தக் கரியை க்ரேப்பால் அழித்தேன். நடுவில் ஓட்டை விழுந்தது. அந்த நிலைமையிலும் மனசுக்குள் ஒரு மூலையில், ‘பாரேன், சுவடே இல்லாம எடுத்திருக்கு, நம்ம க்ரேப் என்ன குவாலிட்டி!’ என்று ஒரு பெருமை ஓடியது. இப்படி ஒரு ஜென்மத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

அந்த நேரம் பார்த்து நஸ்ரீன் மேடம் வந்தார். வாணியம்பாடியில் கல்லூரி லெக்சரர். அவர் கல்லூரிக்கும் வெள்ளி லீவு. எனக்கு அப்போது அவர் யார் என்று தெரியாது. கடைக்குள் வந்தவர் என்னைக் கண்டுகொள்ளாமல் நேராக ஒரு ஷெல்ஃபுக்குப் போனார். நான் வரிசையை மாற்றியிருந்ததால் அரை நிமிஷம் தேடினார். ஒரு வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து, நடுப் பக்கத்தைப் பிரித்தார். முன்னால் புரட்டினார். பின்னால் புரட்டினார்.

“தம்பி, என் சண்டை எங்க?”

“என்ன மேடம்?”

“என் சண்டைங்க! மூணு மாசமா இந்தப் புக்குல ஒரு ஆளோட சண்டை போட்டுட்டு இருக்கேன். யாருன்னு தெரியாது, எப்படி இருப்பான்னு தெரியாது. நான் எழுதினா அவன் எழுதுவான். போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு அவன் மூக்குடைஞ்சிருக்கணும். அதைப் பார்க்கத்தான் வாணியம்பாடியிலேர்ந்து பஸ்ல நின்னுக்கிட்டே வர்றேன். ஒரு பக்கம்கூட இல்ல!”

“மேடம், அது... பேசிக்கலி ரீவொர்க் பண்ணியிருக்கேன். இப்ப ஃபர்ஸ்ட் குவாலிட்டி.”

“இன்னாது?”

மேஜை மேல் இருந்த கறுப்புத் துகளைப் பார்த்தார். என் கையில் இருந்த க்ரேப்பைப் பார்த்தார். பக்கத்தில் ஏ, பி, ரிஜக்ட் என்று அடுக்கியிருந்த புத்தகங்களைப் பார்த்தார். ஒரு பெண்மணியின் முகம் இவ்வளவு நிறம் மாறும் என்று எனக்குத் தெரியாது.

“இங்க புது புக்கு வாங்கவா தம்பி நாங்க வர்றோம்? புது புக்கு எங்க ஊர்லயே கிடைக்குது. இந்த எழுத்துக்குத்தானே வர்றது! அங்கிளே சொல்லியிருக்காரு, பென்சில்ல எழுதலாம், பேனா கூடாதுன்னு. முப்பது வருஷமா எழுதறாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்து மாசக்கணக்கா ரூம் எடுத்துத் தங்கறவங்க, பேச ஆள் இல்லாம இதுல எழுதிட்டுப் போறாங்க. அடுத்த செக்கப்புக்கு வந்தா பதில் இருக்கும். பெரிய பேஜார் பண்ணி வச்சுட்டீங்களே!”

நூல் கட்டித் தொங்கின பென்சில்கள் எல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. ஆனால் மனிதன் எவ்வளவு சுயநலக்காரன் பாருங்கள். முப்பது வருஷத்து எழுத்தை அழித்தவன், அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கோழிப் புத்தகத்தை அவர் முன்னால் நீட்டி, “மேடம், இதோட கடைசிப் பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

அவர் பக்கத்தைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாக அவர் கண் விரிந்தது.

“நீங்கதான் அந்த பிஸ்கட்டா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. கோபத்தில் என்று நினைத்தேன், இல்லை. “அல்லா, கடைசிப் பக்கத்தையுமா விடல?” என்றார். என்ன இருந்தது என்று எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. “அது அந்தப் பொண்ணு விஷயம். அவளையே கேளுங்க” என்றார். (தோசையைப் பற்றி எழுதின கறுப்புப் பென்சில் இவர்தான் என்று பிறகு தெரிந்தது.)

கேட்கிற நேரம் சீக்கிரமே வந்தது. காலை ஷிஃப்ட் முடித்து, யூனிஃபார்ம் மேல் ஸ்வெட்டரோடு ஜெமிமா கடைக்குள் நுழைந்தாள். அவள் பின்னாலேயே குடியாத்தம் பஸ்ஸில் வந்து இறங்கி அங்கிள். (அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை, வெறும் சுளுக்கு.) அப்பாவும் மகளும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அங்கிள் மேஜை மேல் இருந்த துகளை விரலால் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜெமிமா வேறு எதையும் பார்க்கவில்லை. புத்தகங்களைத் தள்ளித் தள்ளி எதையோ தேடினாள். ஒரு எம்பிராய்டரி புத்தகம். ரிஜக்ட் அடுக்கில் அடியில் இருந்தது. பிரித்துப் பார்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் அம்மா கடையில் உட்கார்ந்து தைக்கும்போதெல்லாம் எழுதி வைத்தது. நூல் கணக்கு, ‘இந்தப் பூ ஜெமிக்கு ஃப்ராக்குக்கு’, ‘இன்னைக்கு மழை, வியாபாரம் கம்மி’. பென்சில் ரொம்ப ஜாஸ்தி என்று ரிஜக்ட் போட்டிருந்தேன், அதனால் தேய்க்கவில்லை. அதனால் மட்டும்தான் தப்பித்தது.

“இதைத் தொட்டிருந்தீங்கன்னா...” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், மூன்று பேர் முன்னால் மூக்கை உறிஞ்சி அழுதேன். “மன்னிச்சிடுங்க. எனக்கு எதைத் தொடணும், எதைத் தொடக் கூடாதுன்னு தெரியல. நீங்க கடைசிப் பக்கத்துல என்ன எழுதியிருந்தாலும் அதையே இன்னொரு தடவை எழுதிடுங்க. வேணாம்னாலும் சரி. படிச்சுட்டு ஆம்பூருக்குப் போய்டறேன்” என்றேன். என் வாழ்க்கையில் ‘பேசிக்கலி’ இல்லாமல் நான் பேசின முதல் அஞ்சு வாக்கியம்.

ஜெமிமா கோழிப் புத்தகத்தை வாங்கி ஓட்டையை ரொம்ப நேரம் பார்த்தாள். நஸ்ரீன் மேடத்தை ஒரு தடவை பார்த்தாள். “அழிச்சது நீங்க. நான் ஏன் மறுபடியும் எழுதணும்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆயர் போன் செய்தார். பெண் வீட்டில் சம்மதம், ஆனால் ஒரு நிபந்தனை. நாலு வெள்ளிக்கிழமை நான் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். வருகிற ஒவ்வொருவரிடமும், ‘உங்கள் எழுத்தை அழித்தது நான்தான், தயவு செய்து மறுபடியும் எழுதுங்கள்’ என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்தேன். ஜெயில் வார்டன் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உள்ள இருக்கிறவனுங்க பரவால்ல” என்றார். நஸ்ரீன் மேடத்தோடு மூன்று மாசம் சண்டை போட்ட ஆள் தபால் துறையில் ரிட்டையர் ஆனவர் என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. ரெண்டு பேரும் வாசலில் நின்றே முழுச் சண்டையையும் முதலிலிருந்து போட்டார்கள், பிறகு தனித்தனியாக உள்ளே போய் அதை எழுதினார்கள். மூன்றாவது வாரம் கூட்டம் பாத்திரக் கடை வரை நின்றது. புத்தகம் வாங்க இல்லை, என்னைப் பார்க்க. அவர்களில் பாதிப் பேர் அதற்கப்புறமும் வந்துகொண்டே இருந்தார்கள். ஏனென்றால் எழுதிவிட்டுப் போனவனுக்குப் பதில் வந்திருக்கா என்று பார்க்காமல் தூக்கம் வராது. ஆன்லைனில் வருகிற புத்தகம் பளபளப்பாக இருக்கும், ஆனால் தோசையைப் பற்றி உஷார் என்று யாரும் அதில் எழுதி அனுப்ப மாட்டார்கள். அந்தக் கடை ஏன் சாகவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தாலும் எரிச்சல் போகவில்லை, அது வேறு விஷயம்.

கல்யாணம் நடந்தது. பந்தியில் இலைக்கு இலை ஒரு பிஸ்கட் வைத்தார்கள். அதுவும் ஓரம் உடைந்தது. (ஏற்பாடு, வார்டன்.)

ஆனால் என் தண்டனை அங்கே முடியவில்லை. அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று ஜெமிமா சொல்லவே இல்லை. ‘வேணாம்’ என்றுதான் இருந்திருக்கும், பாவம் பார்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வேலூரில் பாதிப் பேர் அதைப் படித்திருப்பார்கள், நான் மட்டும் படிக்கவில்லை. வீட்டில் எந்தப் பேச்சு முற்றினாலும் அவள் அமைதியாக, “கடைசிப் பக்கம் ஞாபகம் இருக்கா?” என்பாள். நான் அடங்கிவிடுவேன். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து குடியாத்தம் அத்தை வீட்டுக்கு மாசாமாசம் போனேன். தினமும் பாத்திரம் தேய்த்தேன். பதினோரு வருஷம்.

போன கிறிஸ்துமஸுக்கு மதியச் சாப்பாடு. இப்போது மாமாவாகிவிட்ட அங்கிள், நஸ்ரீன் மேடம், வார்டன் எல்லாரும் வீட்டில். எட்டு வயசு மகள் வழக்கம் போல கதையை முதலிலிருந்து நடித்துக் காட்டினாள். (ஸ்கூலிலும் இதைத்தான் நடிக்கிறாள். அவள் மிஸ் என்னைப் பார்த்தால் ரப்பரை ஒளித்து வைக்கிறார்.) முடித்துவிட்டு, “அம்மா, கடைசிப் பக்கத்துல நீ என்னதான் எழுதியிருந்த?” என்று கேட்டாள்.

முதலில் சிரித்தது மாமாதான். பிறகு மேடம். பிறகு வார்டனுக்குப் புரையேறிவிட்டது.

“ஒண்ணும் எழுதலைம்மா” என்றார் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அன்னைக்கு டூட்டி முடிச்சுட்டு எழுதத்தான் கடைக்கு வந்தா. உங்கப்பா அழிச்சது வெறும் பக்கம்.”

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பதினோரு வருஷமாக எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

“சரி, அன்னைக்கு என்ன எழுத வந்த? அதையாவது சொல்லு” என்றேன்.

ஜெமிமா எச்சில் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி என் கையில் கொடுத்தாள்.

“முதல்ல இதைத் தேய்ச்சுட்டு வாங்க, சொல்றேன்.”

போய்த் தேய்த்தேன். பண்டிகை நாள், பாத்திரம் ஜாஸ்தி. நான் முடித்துவிட்டு வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.